பழனிமலைச் சாமி பேரு

பதிவு அலுவலகத்தில் மூன்றாம் முறையாக நம்பர் எடுத்து, மூன்றாம் முறையாக அதே கவுண்டருக்கு வந்து நின்றாள் நீலாவதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஹ்மத் நிஷா உட்கார்ந்திருந்தாள். தமிழ் பேசுகிற பெண் என்று முதல் நாள் உண்டான நிம்மதி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. இல்லை என்பதை மலாயில் கேட்பதைவிடத் தமிழில் கேட்கும்போது வயிறு கூடுதலாகத்தான் எரிந்தது.

"தண்டபாணிங்கிற பேர்ல எண்பத்தொண்ணுல ரெம்பாவ் பக்கம் யாருமே சாவலக்கா. முன்னாடி ரெண்டு வருசம், பின்னாடி ரெண்டு வருசம் எல்லாம் பாத்துட்டேன்."

"மனுசன் செத்துட்டாருலா. உங்க கம்ப்யூட்டர்ல இல்லன்னா எந்திரிச்சு வந்துருவாரா?"

ரஹ்மத் நிஷா கோபப்படவில்லை. அதுவே நீலாவதிக்குப் பெரிய கோபமாக இருந்தது.

"அவரு அடையாள அட்டை ஐசி நம்பர் இல்லேங்கிறீங்க. அப்ப எழுதுன பேர வச்சுத்தான் நான் தேட முடியும். சாவப் பதிஞ்சவங்க அன்னிக்கு என்ன பேரு குடுத்தாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

பதிந்தவள் பத்தடி தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயம்மா, வயது எழுபத்தாறு, நீலாவதியின் அம்மாவுக்குத் தங்கை. பிள்ளை கிடையாது. பாரோய் ஊரில் நீலாவதியின் வீட்டுப் பின்னறையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். அந்தப் பதினோரு வருடத்தில் இருவரும் சண்டை போடாத நாள் தீபாவளி ஒன்றுதான், அதுவும் எல்லா வருடமும் இல்லை.

விஷயம் இதுதான். ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தை வாங்கிய கம்பெனி, பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு நாற்பது வீடு கட்டித் தருகிறது. தாயம்மாவின் கணவர் தண்டபாணி அங்கே பால் வெட்டி, முப்பத்தாறு வயதில் காய்ச்சல் கண்டு செத்தவர். மனைவி என்ற முறையில் தாயம்மாவுக்கு ஒரு வீடு வரவேண்டும். ஆனால் கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. மாலை மாற்றியதற்கு எவன் பத்திரம் எழுதினான்? தோட்ட ஆபீஸ் ஏடுகளைக் கறையான் தின்று வெகு காலமாகிவிட்டது. இந்த ஓட்டையில்தான் தர்மேந்திரன் கையை விட்டான்.

தர்மேந்திரன், தண்டபாணியின் அண்ணன் மகன், வீட்டுக் கமிட்டிச் செயலாளர். சித்தப்பாவின் பங்கு இரத்த வாரிசான தனக்குத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். போன கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால், "அந்தம்மாவ எங்க சித்தப்பா வச்சிருந்தாரு, அவ்வளவுதான்" என்றான். சின்ன வயதில் அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் தாயம்மா. அவள் அன்று எழுந்து வெளியே வந்தாள். காரில் ஏறியதும், "எனக்கு வீடு வேணாம். வச்சிருந்தாருன்னு சொன்னான் பாரு, அத மட்டும் திருப்பி அவன் வாயிலயே போடணும்" என்றாள்.

சாவுப் பத்திரத்தில் பதிந்தவர் யார், செத்தவருக்கு என்ன உறவு என்று ஒரு வரி இருக்கும். அரசாங்கம் தாயம்மாவை மனைவி என்று எழுதிய இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

கார் அம்பாங்கான் சிக்னல் விளக்கில் நின்றபோது நீலாவதி கேட்டாள்.

"சின்னம்மா, அவரு செத்த அன்னிக்கு போலீஸ் பாலாய்ல என்ன பேரு குடுத்த?"

"அவங்க பேரத்தான் குடுத்தேன்."

"எப்படிக் குடுத்த? உன் வாயால சொன்னியா?"

தாயம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கு பச்சையாகி, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நீலாவதி காரை ஓரமாக நிறுத்தினாள்.

"நான் எப்படிடி சொல்லுவேன்?" என்றாள் தாயம்மா. "புருசன் பேர நாங்கள்ளாம் சொல்ல மாட்டோம்னு உனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. அவர் செத்த அன்று ஞாயிற்றுக்கிழமை. தோட்ட ஆபீஸ் பூட்டிக் கிடந்தது, ஐசியும் ஆபீஸ் அலமாரிக்குள் இருந்தது, கணக்கெழுதும் கிராணி ஊரில் இல்லை. பொழுதுக்குள் புதைக்க, பாலாய் என்கிற போலீஸ் நிலையத்தில் சாவைப் பதிந்து பெர்மிட் வாங்கியாக வேண்டும். லாரியில் போய் இறங்கினாள். மலாய்க்காரப் போலீஸ்காரர் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த யாக்கூப் பாயைக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், கல்லாவை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"உன் வீட்டுக்காரரு பேரு என்னாம்மான்னு கேட்டாரு. பழனிமலைச் சாமி பேருன்னேன். அவரு போலீஸ்கிட்ட சொன்னாரு. எழுதுனாங்க. கைநாட்டு வச்சேன்."

பழனி ஆண்டவருக்கு எத்தனை பேர் உண்டு என்று பாய்க்கு எப்படித் தெரியும்? மலை தெரியும், அதில் ஆண்டி தெரியும்.

"பழனியாண்டி" என்றாள் நீலாவதி. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். "நாப்பத்து நாலு வருசமா செத்தவருக்கு வேற ஆளு பேரு. ஒரு பேரு. வாயத் தொறந்து ஒரு பேரு சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். பொணம் வீட்ல கெடக்கும்போதும் உனக்கு ராங்கி."

"ஆமாடி, ராங்கிதான். காரைத் திருப்பு."

திருப்பினாள். ரஹ்மத் நிஷா பழனியாண்டி என்று தட்டினாள். ஊர், பாலாய், தேதி எல்லாம் சரி. அச்சடித்து முத்திரை குத்தித் தந்தபோது உறவு என்ற கட்டத்தில் ஒற்றைச் சொல் இருந்தது: இஸ்திரி. மலாயில் மனைவி. அந்தச் சொல்லை நீலாவதி இரண்டு முறை தடவிப் பார்த்தாள்.

"பேரு தப்புன்னா திருத்தணும்கா. சத்தியப் பத்திரம் வேணும்" என்று ரஹ்மத் நிஷா முதல் முறையாகக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்.

மறுநாள் காலை தோட்டத்து மண்டபத்தில் கமிட்டி கூடியது. தலைவர் சந்திரன் பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டுச் செயலாளரிடம் நீட்டினார். தர்மேந்திரன் படிக்கும்போதே முகம் மலர்ந்தது. வயிற்றெரிச்சல் பிடித்த மலர்ச்சி.

"எங்க சித்தப்பா பேரு தண்டபாணி. இதுல யாரோ பழனியாண்டின்னு இருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "அப்ப இந்தம்மா வேற எவனுக்கோ பொண்டாட்டி. கவர்மெண்டே எழுதிக் குடுத்துருச்சு."

இரண்டொருவர் சிரித்தார்கள். நீலாவதி எழுந்து ஞாயிற்றுக்கிழமையையும் யாக்கூப் பாயையும் பழனிமலையையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஜோடித்த கதையாகக் கேட்டது.

"இந்தக் காலத்துல யாருலா இதெல்லாம் நம்புவா?" என்றான் தர்மேந்திரன். "செத்தவரு பேரக்கூடச் சொல்லாத பொம்பள இருக்காளா?"

அவன் பக்கத்திலேயே அவன் தாய் மங்கம்மா உட்கார்ந்திருந்தாள். தண்டபாணியின் அண்ணி. கல்யாணத்தன்று தாயம்மாவுக்குக் கொண்டை போட்டுவிட்டவள், மகனுக்காக இரண்டு கூட்டமாக வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தாள். நீலாவதிக்கு அவளைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் கேட்டாள், யோசித்தெல்லாம் கேட்கவில்லை.

"பெரியம்மா, செத்துப்போன உங்க வீட்டுக்காரர் பேரு என்னா?"

மங்கம்மாவும் யோசிக்கவில்லை. "ஏழுமலையில நிக்கிறாரே, அவரு பேரு" என்றாள்.

"ஏழுமலையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இல்லலா. இன்னொரு பேரு."

"வெங்கடாசலமா? சீனிவாசனா?"

மங்கம்மா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். பிறகு வழக்கம்போல மகன் பக்கம் திரும்பி, "சொல்லேன்டா" என்றாள்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. தர்மேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. "கோவிந்தசாமி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் மங்கம்மாவுக்கு உறைத்தது. சேலை முந்தானையை எடுத்து, துடைப்பதற்கு ஒன்றும் இல்லாத வாயைத் துடைத்துக்கொண்டாள்.

சந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் போதும்" என்றார். "கம்பெனிக்குப் போதாது. சத்தியப் பத்திரம் கொண்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கணக்க மூடுறேன். அதுவரைக்கும் இந்த வீடு யாருக்கும் இல்ல." தர்மேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "உக்காருப்பா" என்றார்.

சத்தியம் வாங்கும் அதிகாரியின் அறை அம்பாங்கானில் ஒரு கடை மாடியில் இருந்தது. தாயம்மா படிக்கட்டில் இரண்டு தடவை நின்றாள். நீலாவதி கை கொடுத்தபோது தட்டிவிட்டாள். மணி நாலு. பின்னாலேயே தர்மேந்திரனும் ஏறி வந்து, கமிட்டி சார்பில் பார்க்க வந்ததாகச் சொல்லிக் கதவோரம் நின்றுகொண்டான். கிழவி சொல்லமாட்டாள் என்பதுதான் அவனுடைய கடைசி நம்பிக்கை.

அதிகாரி சசிதரன் அச்சடித்த தாளைத் தாயம்மா முன்னால் வைத்தார். "உங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்கிறாங்க. அதனால நீங்களே வாயால சொல்லணும். செத்துப்போனவர் பேரு என்ன?"

தாயம்மா சுவரைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நீலாவதி வாயைத் திறந்தாள்.

"நீங்க சொல்லக்கூடாது" என்றார் சசிதரன்.

"பழனிமலையில..." என்று ஆரம்பித்தாள் தாயம்மா.

கதவோரம் தர்மேந்திரன் மூக்கால் சிரித்தான். தாயம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். அப்படியே அவனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தண்டபாணி."

தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தியவனை மேற்பார்க்கும் மண்டோர் கூப்பிடுகிற மாதிரி, உரக்க, கொஞ்சம் கோபமாக வந்தது அந்தப் பெயர். சசிதரன் எழுதிக்கொண்டார். போதும் என்று கையசைத்தார். அவளுக்குப் போதவில்லை.

"தண்டபாணி" என்றாள் மறுபடியும். "எம்புருசன் தண்டபாணி. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

கட்டைவிரலில் மை தடவி அழுத்தினாள். தர்மேந்திரன் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நீலாவதி அவள் விரலைத் துடைக்கக் குனிந்தபோது அந்த மைமேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. இந்தக் கிழவி அழுவதைத் தான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"பேரச் சொன்னா அவங்க ஆயுசு கொறையும்னு சொன்னாங்கடி" என்றாள் தாயம்மா. "நான் சொல்லவே இல்லியே. ஒரு தடவகூடச் சொல்லலியே."