வெறுங்கை

வலது கை ஒருவழியாகக் கையுறைக்குள் போய்விட்டது. இடது கையோடுதான் கிளறிற்றா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கார மாமனார் ஆர்தருக்கு அந்தக் கையில் சில விரல்கள் பாதியோடு நின்றுவிட்டவை. வெள்ளைக் கையுறையின் மிச்சம் சுருங்கித் தொங்கியது.

"உள்ளுக்குப் பஞ்சு வைப்பமே அக்கா?" என்றான் தம்பி பெனடிக்ற்.

"வேண்டாம். செபமாலையைச் சுத்திவிட்டால் தெரியாது."

மோர்டனில் அடக்க ஒழுங்குகள் செய்கிற நிறுவனத்தின் பின்னறை அது. உடலுக்கு உடுப்புப் போடுவதைக் குடும்பமே செய்யலாம் என்றதும் அவள் முந்திக்கொண்டாள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் வெள்ளைக் கையுறையோடுதான் பெட்டிக்குள் கிடந்தார்கள். மாமாவை மட்டும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. நூறு வயது மனிதர். மருமகளிடம் படித்த ஒரே தமிழ்ச் சொல், ஆமென்பதற்கு அவள் சொல்லும் 'ஓம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

நத்தாருக்கு நத்தார், கிறிஸ்து பிறப்புப் பரிசாக, அவருக்குக் கம்பளிக் கையுறை பின்னிக் கொடுப்பாள். "ஓம், ஓம்" என்று வாங்குவார். ஒருநாளும் போட்டதில்லை. உறைபனியிலும் வெறுங்கையோடு பேப்பர் வாங்கப் போவார். கறுத்தவள் பின்னியதென்று ஒதுக்குகிறாரோ என்று ஆரம்பத்தில் அழுதிருக்கிறாள். பிறகு அழுகை நின்றது, பின்னல் நிற்கவில்லை. எல்லாம் ஒரு ரோசம்தான்.

கணவர் மார்ட்டின் உள்ளே வந்து, கையுறையைக் கண்டு நின்றார். கழற்றிவிடச் சொன்னார்.

இது எங்கள் வழக்கம் என்றாள் அவள், ஆங்கிலத்தில், கொஞ்சம் சூடாகவே.

மார்ட்டின் கதிரையில் உட்கார்ந்தார். போன கிழமை ஆஸ்பத்திரியில்தான் அப்பா தனக்கும் சொன்னார் என்று தொடங்கினார். போர்க்காலத்தில் கிரீன்லாந்துப் பனிவெளியில் விமானம் விழுந்து, ஆர்தரும் இன்னொருவனும் உடைந்த வால்பகுதிக்குள் கிடந்தார்கள். தேடி வந்த விமானங்கள் இறங்க முடியாமல் சாப்பாட்டுப் பொதிகளைப் போட்டுவிட்டுத் திரும்பின. கடைசியில் நாய்வண்டியோடு ஒருவன் வந்தான். ஆர்தரின் விரல்கள் கறுத்திருந்ததைக் கண்டு தன் கையுறைகளைக் கழற்றி மாட்டிவிட்டான். அவரைத் தன் கூடாரத்தில் சேர்த்துவிட்டு, மற்றவனை எடுத்துவர வெறுங்கையோடு திரும்பிப் போனான். வழியில் பனி பிளந்து அவனை விழுங்கிவிட்டது. மற்றவனும் பிழைக்கவில்லை.

கிளறிற்றாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஆறுதலாகவும் இருந்தது. கையுறைகளை மெல்லக் கழற்றி, செபமாலையை அந்தக் குறை விரல்களில் சுற்றினாள்.

"இதை எறியட்டே அக்கா?"

"எறி. குளிருக்கு இது காணாது." கொஞ்சம் பொறுத்து, "வீட்டை போய், மாமான்ர மேசை லாச்சியிலை நான் பின்னினதுகள் கிடக்கு. ஒரு சோடி எடுத்துக்கொண்டு வா" என்றாள்.

"போடவேண்டாமெண்டுதானே அத்தான் சொல்லுறார்?"

"மாமாவுக்கில்லை. அங்கை ஒருத்தன் வெறுங்கையோடை நிப்பான். தடிப்பான சோடியாப் பாத்து எடு."

பெனடிக்ற் கொண்டுவந்த சாம்பல்நிறச் சோடியை அவள் ஒன்றாக மடித்து ஆர்தரின் கோட்டுப் பைக்குள் வைத்தாள். ஒரு கட்டைவிரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை உள்ளே தள்ளிவிட்டுப் பையின் பொத்தானைப் பூட்டினாள்.