ஐந்தாவது ஆப்பு

அஸ்தம்பட்டியில் மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு, ஈராக் மண்ணில் புதைந்து கிடந்த எழுத்துக்கு எண் தேடுகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? கீழ்வீட்டு அறிவுச்செல்வி வாய்விட்டே கேட்டாள்: "ஏங்க்கா, செத்துப்போன எழுத்த இனி எவன் படிக்கப் போறான்?"

மாடி வீட்டு நிகத்துக்குப் பதில் தெரியும், நின்று கேட்கத்தான் ஆளில்லை. ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்தி எழுதிய ஆப்பு வடிவ எழுத்துகள் அவை. ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருந்தால்தான் கணினித் திரையில் தெரியும். இல்லாவிட்டால் வெறும் கட்டம். களிமண் பலகைகளின் படங்களைப் பார்த்து, எண் இல்லாத எழுத்துகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. கணவர் சைபுல்லா மவுத்தான பிறகு பிடித்துக்கொண்ட வேலை.

போன மாதம் ஒன்று சிக்கியது. நான்கு ஆப்பு உள்ள எழுத்துக்கு ஏற்கெனவே எண் உண்டு, இதிலோ ஐந்து. புதிய எழுத்து என்று எண் வழங்கும் குழுவுக்கு எழுதி அனுப்பினாள். நிக்காஹ்வுக்குச் சாட்சி கேட்பதுபோல, குழுவில் இன்னொருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி வாய்த்தவன் திருச்செங்கோட்டுப் பிரபாகர். சந்தேகம் கேட்டுத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்தான். எழுத்தில் தொடங்கும் பேச்சு மழை, முட்டை விலை என்று எங்கெங்கோ போகும். அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லும் ஒரே குரல் அதுதான். ஆறு மணிக்கு முன்பே முகம் கழுவிக்கொண்டு காத்திருப்பாள். வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை.

"நாளைக்கு ஒப்புதல் எழுதிப்போடறேனுங்க நிகத்தக்கா. அப்பறம் ஒரு வருசத்துக்கு உங்கள உடமாட்டேன். ரெண்டு பேருஞ் சேந்து அந்த எழுத்துக்கு உருவம் வரையோணுமே!" என்றான்.

மறுநாள் சப்பாத்தி மாவு பிசைந்தவள், அந்த எழுத்தை மாவில் அழுத்திப் பார்த்தாள். ஒரு நிச்சயத்துக்காக எப்போதும் செய்வதுதான். பக்கத்தில் புதிதாக ஓர் ஆப்பை அழுத்தினால் முந்தையதன் ஓரம் நெளியும். மாவில் நெளிந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். ஐந்தாவதன் பக்கத்தில் எதுவும் நெளியவில்லை. அதுவும் ஆப்பாக இல்லை, மெல்லிய வளைவு மட்டும். தன் விரல் நகத்தை மாவில் பதித்து எடுத்தாள். அச்சு அசல் அதேதான். ஈரம் காயுமுன் பலகையைத் தூக்கிய யாரோ ஒருவரின் நகம் பட்டிருக்கிறது.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாவு காய்ந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது.

"அது எழுத்தில்ல தம்பி. நகம் பட்ட தடம். நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அடடா! நல்லவேளைங்கக்கா, நானும் ஏமாந்திருப்பேன். அப்பச் சரிங்க, வேலை முடிஞ்சுது. வெச்சர்றேனுங்க."

முட்டை விலையைச் சொல்லவில்லை.

நகத்தடம் இருந்த உருண்டையைத் தேய்க்க மனம் வரவில்லை. ஆனால் வயிறு கேட்குமா? தேய்த்து, சுட்டு, தின்றாள்.

மறுநாளும் ஆறு மணிக்கு முன்பே முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.