வெல்வெட் பாடம்

நம்பிக்கையின் விலை ஒரு பூட்டு, இரண்டு சாவி. துணிக்கடைக்காரர் அதற்கு மேல் கொடுத்ததும் இல்லை, கடனுக்கு விட்டதும் இல்லை. மனைவி போன பிறகு, பார்வையில்லாத ஒரே மகளை அவர் வளர்த்ததும் அந்த விலைக்குத்தான். பாப்பா என்று கூப்பிட்டாலும் அவளுக்கு வயது பத்தொன்பது.

அவள் போகும் பார்வையற்றோர் பயிற்சிப் பள்ளியில் புதிதாக ஏதோ வகுப்பு. என்ன பாடம் என்று கேட்டால், "உடம்புப் பாடம்ப்பா" என்றாள். அதோடு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பு நடக்கும்போது கதவைச் சாத்தி ஜன்னல் திரையையும் இழுத்துவிடுகிறார்கள் என்று காவலாளி சொன்னது அதைவிடப் பிடிக்கவில்லை. கண் தெரியாத பிள்ளைகளுக்குத் திரை எதற்கு? சரக்கு சரியில்லாதவன்தானே கடையை இருட்டாக வைப்பான்?

அடுத்த வகுப்பன்று கடையைப் பாதி சாத்திவிட்டுப் போய்க் கதவில் காதை வைத்தார். உள்ளே டீச்சரின் குரல்: "கூச்சப்படாம தொட்டுப் பாருங்க."

அவ்வளவுதான், கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டார்.

மேசையைச் சுற்றி ஆறு பெண்கள். மேசைமேல் பஞ்சு அடைத்துத் தைத்த துணி உருப்படிகள். சிவப்பில் ஒரு பை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நாடா. அது என்னவென்று தெரிவதற்கு முன்னால் துணி தெரிந்துவிட்டது அவருக்கு.

"இது என் கடை வெல்வெட்!"

"ஆமா சார். கஜத்துக்கு நாலு விரல் குறைச்சு அளந்தீங்க. அதான் கர்ப்பப்பை கொஞ்சம் சின்னதாப் போச்சு" என்றார் டீச்சர்.

ஆறு பேரும் சிரித்தார்கள். அதில் மகளின் சிரிப்பும் இருந்தது.

"திரை எதுக்கு?"

"வெளிய நின்னு எட்டிப் பாக்கறவங்களுக்குக் கண்ணு தெரியுமே சார். மத்த பிள்ளைங்க படம் பாத்துத் தெரிஞ்சுக்கும். இவங்களுக்கு விரல்தான் கண்ணு."

பதில் சரியாக இருந்தது. சரியாக இருக்கும் பதிலைத்தான் வியாபாரி முதலில் சந்தேகப்படுவார். "பாப்பா, பையை எடு. இந்த வகுப்பு இன்னியோட சரி."

அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏம்ப்பா, சீட் காலியா இருந்தும் பஸ்ல நிக்கறியே, என்ன வீம்புன்னு திட்டுவீங்களே. ஆம்பளை பக்கத்துல உக்காந்தா வயித்துல பிள்ளை வந்துடும்னு சொன்னது யாரு?"

அவர்தான். அவள் பெரியவளான புதிதில், என்ன சொல்வதென்று தெரியாமல், கழிவுத் துணி தள்ளுவதுபோல் தள்ளிவிட்ட பேச்சு. அன்றைக்கே மறந்தும் போனார்.

"ஒரு நாள் பஸ் குலுங்கி யாரோ ஒரு ஆம்பளை மடியிலயே விழுந்துட்டேன். மூணு மாசம் ராத்திரியெல்லாம் வயித்தைத் தடவிப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். பக்கத்து ரூம்லதான் இருந்தீங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரரின் கை தானாக அவள் தோளுக்குப் போய், தொடலாமா என்று தெரியாமல் பாதியில் நின்றது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா..."

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அவள் மேசையிலிருந்த சிவப்பு வெல்வெட் பையை மடியில் இழுத்து வைத்து, விட்ட இடத்தை விரலால் தேடிப் பிடித்தாள்.

"நீங்க சொன்ன பொய் ஒண்ணு. டீச்சர் திருத்தினது ஒண்ணு. அந்தக் கணக்கு நேராயிடுச்சு. மூணு மாசம் பயந்தது மட்டும் உங்க பேர்ல பாக்கி. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். இப்ப வெளிய உக்காருங்கப்பா, பாடம் முடியல."