சேட் வாங்கிக் கொடுத்த சுடுகாடு

உமர்கோட்டில், இந்துக்களிலே கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட எங்கள் கோலிச் சனம் செத்தவர்களைப் புதைக்கும். அந்தப் புதைகாட்டை ஜமீன்தார் உழப்போகிறார் என்றதும் ஹோத்சந்த் சேட்டிடம் ஓடினோம். அவர் சிந்து சட்டசபையில் சிறுபான்மை இந்துக்களுக்கு ஒதுக்கிய இடத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. கட்சிதான் அவர் பெயரைப் பட்டியலில் எழுதி அனுப்பியது.

ஆறு மாதம் கழித்து மாலையும் கழுத்துமாக வந்தார்.

"உங்களுக்காகச் சண்டை போட்டு வாங்கிட்டேன். தகரக் கூரை போட்ட சுடுகாடு!"

"நாங்க எரிக்க மாட்டோமே, சேட்" என்றாள் என் அக்கா கேசர்.

"இந்துன்னா எரிக்கணும்மா."

"அப்ப எங்கப்பன் குழி?"

"அந்த நிலத்த விட்டுக் கொடுத்ததுக்குத்தானே ஜமீன்தார் இத விட்டாரு!"

கேசர் டீயை நீட்டினாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, காருக்குள் போய்த் தன் பிளாஸ்க்கைத் திறந்தார் சேட்.

"நாம பொதைக்கிற சாதின்னு அந்த ஜமீன்தாருக்குக்கூடத் தெரியும்டா" என்று கேசர் அந்த டீயைத் தானே குடித்தாள்.

மறுநாள் டிராக்டர் வந்தபோது குழிகளின் மேல் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.