ஒட்டி வைத்த அலமாரி

விண்ணப்பங்களும் விடுப்புக் கடிதங்களும் தவிர இதுவரை நான் வேறொன்றும் எழுதியவனல்லன். அப்படிப்பட்டவன் கதை என்று ஒன்றை எழுதி, கற்றறிந்தோர் பார்வைக்கு அனுப்பத் துணிந்தது பிழையே. பொறுத்தருளும்படி முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன். என் பெயர் கல்யாணராமன். மதுரையில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன்.

வடக்கு மாசி வீதியை அடுத்த சந்தில் எங்கள் வீடு. நான், என் மனைவி சாவித்ரி, என் தங்கை ஜானு ஆகிய மூவரே அதில் வசிக்கிறோம். ஜானு மணமான ஓராண்டிலேயே கணவரை இழந்து எங்களிடம் வந்தவள். வந்தபின் விடாமல் படித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.ஸி. தேறினாள். உபாத்தியாயினிப் பயிற்சிப் பள்ளியில் சேர்வதற்கு ஜூலை முதல் தேதி நேரில் வரும்படி அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. அசல் சான்றுகளைக் கொண்டுவர வேண்டும் என்று அதில் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

மதிப்பெண்கள் பதிந்த எஸ்.எஸ்.எல்.ஸி. சான்றுப் புத்தகமும் மற்றச் சான்றும் கூடத்துச் சுவரில் பதித்த மர அலமாரியில் இருந்தன. ஜூன் மாதத் தொடக்கத்தில் அதன் அடிப்பலகையில் கரையான் மண் தென்பட்டது. ஆபீஸ் நண்பர் நைனா முகமது, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து, புற்று வெட்டிக் கரையான் ஒழிக்கும் மலையாண்டி என்பவரை அனுப்பிவைத்தார். மலையாண்டி அலமாரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடப்பாரையைத் தோளில் வைத்தபடியே நேராகக் கொல்லைக்குப் போனார். அங்கே மதிலோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு புற்று இருந்தது. சாவித்ரி மகப்பேறு வேண்டி வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் பூசிப் பால் வார்த்து வந்தாள்.

"சாமி, வீட்டுக்குள்ள வார்ற கரையானுக்கு வேரு இங்கனதான் இருக்கு. தாய்க்கரையானத் தோண்டி எடுத்தாத்தான் அடங்கும்" என்றார் மலையாண்டி.

"ஐயையோ, புத்துமேலே கை வைக்கப்படாது!" என்று சாவித்ரி குறுக்கே வந்து நின்றாள்.

"வாராவாரம் நீங்களே பாலூத்தி வளக்குறீக. அது விருந்துக்கு வீட்டுக்குள்ள வந்தா மட்டும் வையிறீகளே தாயி! இதுல பாம்பு இருந்தா நான் பிடிச்சு விட்டுட்டுத்தான் தோண்டுவேன். சாமி குத்தம் என் தலையில இருக்கட்டும்."

"உன் தலையிலே இருந்தா என் வயிறு நெறைஞ்சுடுமா?" என்று கேட்டுவிட்டுச் சாவித்ரி உள்ளே போய்விட்டாள். மலையாண்டிக்கு மோர் கொடுத்து, பிறகு சொல்லி அனுப்புவதாகக் கூறினேன்.

நகரில் புதிதாகப் பலகை மாட்டியிருந்த பூச்சி நாசினிக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு, பட்டாபிராமன் என்பவர், மறுநாள் வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக இருந்த அவரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: புற்றைத் தொட வேண்டியிருக்குமா?

"புத்தாவது! அதெல்லாம் அந்தக் காலத்து வைத்தியம் ஸார். நம்ம மருந்து சுவத்துக்குள்ளேயே வேலை பார்த்துடும். மாமி தாராளமா பூஜை பண்ணிக்கட்டும்" என்றார். சாவித்ரி அவருக்கு இரண்டாம் முறை காப்பி கொடுத்தாள். கம்பெனியைத் தேர்ந்தெடுத்த விதம் இவ்வளவே.

ஜூன் பதின்மூன்றாம் தேதி அவருடைய ஆட்கள் சுவரில் துளையிட்டுக் கறுப்பு எண்ணெய் ஊற்றினார்கள். அலமாரிக்குள் வெள்ளை உருண்டைகளைப் போட்டுக் கதவை மூடி, இடுக்குகளின்மேல் மாவுப்பசை தடவிக் காகிதம் ஒட்டினார்கள். பதினைந்து நாள் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஒட்டுவதற்கு முன் ஜானு, "அண்ணா, என் புஸ்தகத்தை மட்டும் எடுத்துண்டுடறேனே" என்றாள்.

"எடுத்தா அதிலே ஒட்டிண்டிருக்கற முட்டையும் கூடவே வந்துடும். உள்ளேயே இருந்தாத்தான் புகை படும்" என்றார் ஏஜெண்டு.

வீடு தேடி வந்த மனிதரின் சொல்லை அவர் எதிரிலேயே மறுப்பது மரியாதையாகாது என்று கருதினேன். "இருபத்தெட்டாம் தேதி எடுத்துக்கலாம், ஜானு. ஒண்ணாம் தேதிக்கு மூணு நாள் இருக்கே" என்றேன்.

எட்டாம் நாள் அவள் அலமாரிக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். "அண்ணா, உள்ளே பொரபொரன்னு சத்தம் கேக்கறது. பிரிச்சுப் பாத்துடலாம்" என்றாள்.

"வாக்குக் கொடுத்திருக்கேனே."

"அவருக்குக் கொடுத்தேள். எனக்கு?"

கம்பெனிக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். பூச்சிகள் மடியும் ஒலியே அது, பொறுமை காக்கவும் என்று அவர்களும் அதே பணிவுடன் பதில் எழுதினார்கள். அக்கடிதத்தை ஜானுவுக்குப் படித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் அவள் எழுந்து போனாள்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் ஜானுவே காகிதத்தைக் கிழித்தாள். கதவைத் திறந்ததும் பின்பலகை மண்ணாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. எஸ்.எஸ்.எல்.ஸி. புத்தகத்தின் காலிகோத் துணி ஒட்டிய அட்டை மட்டும் முழுதாக இருந்தது. அவள் அதை எடுத்து விரித்தாள். உள்ளே சல்லடைபோல் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்தென்று ஒன்றும் எஞ்சவில்லை.

சாவித்ரி அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "மலையாண்டிக்குச் சொல்லி அனுப்புங்கோ" என்றாள். புற்றுக்குக் கற்பூரம் காட்டி விழுந்து வணங்கிவிட்டு, அது வெட்டப்படுவதைப் பார்க்க மாட்டாமல் கோயிலுக்குப் போய்விட்டாள்.

மலையாண்டி ஆளுயரம் தோண்டி, கட்டைவிரல் பருமனுள்ள தாய்க்கரையானை ஓட்டில் வைத்துக் காட்டினார். பாம்பு எதுவும் இல்லை. அலமாரியைப் பார்த்துவிட்டு, "ஆள் தொந்தரவே இல்லாம பதினஞ்சு நாள் பந்தி நடந்திருக்கு சாமி" என்றவர், ஜானுவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

முதல் தேதி நானும் ஜானுவும் அந்த அட்டையுடன் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை எங்களை உட்காரவைத்து இரக்கத்தோடு பேசினார். ஆயினும் நகல் வந்து சேர நான்கு மாதமாகும் என்றும், அதுவரை இடத்தை நிறுத்திவைக்க விதியில்லை என்றும் கூறினார். நான் எழுந்து நின்று அவருக்கு நன்றி சொன்னேன். ஜானு சொல்லவில்லை.

இழந்தவை வருமாறு: எஸ்.எஸ்.எல்.ஸி. புத்தகம் ஒன்று. நன்னடத்தைச் சான்று ஒன்று. ஜானு கைப்பட எழுதிய பாடக் குறிப்பேடுகள் ஏழு. சாவித்ரியின் பட்டுப்புடவை ஒன்று. என் ஆபீஸ் கோட்டு ஒன்று. தேக்குப் பின்பலகை ஒன்று, தட்டுகள் மூன்று. கொல்லைப் புற்று. பயிற்சிப் பள்ளியில் அவ்வாண்டு ஜானுவுக்குக் கிடைத்திருந்த இடம்.