அரைப் பேர்

மேல்மலையில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. முற்றிப்போன தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளியபடி ஆண்கள் ஆளுக்கொரு நிரையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து தூறல் விடவில்லை. ஈரக் கொப்பில் வழுக்கிய கத்தி சின்னத்தம்பியின் இடது பெருவிரலடியில் இறங்கியது.

"பெட்டி! பெட்டியக் கொண்டாங்க!"

அழகுமுத்து கத்தியை அப்படியே செடியில் கொத்திவிட்டு, மருந்துப் பெட்டியோடு சரிவில் ஓடி வந்தான். நானுஓயாவில் நடந்த முதலுதவி வகுப்புக்குத் தோட்டத்திலிருந்து போய்ப் படித்தவன் அவன். அதற்காக மாதம் இரண்டரை ரூபாய் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அதற்கு மருந்துக் காசு என்று பெயர்.

காயத்தைக் கழுவித் துணியைச் சுற்றி இறுக்கினான்.

"மெதுவா, டாக்டரய்யா! எம் பொண்டாட்டிகூட இப்புடி இறுக்கிப் புடிச்சதில்ல."

"பேசாம இரு மச்சான். வெட்டு ஆழம். டிஸ்பென்சரிக்குப் போயி ஊசி போட்டுக்க. மண்ணு பட்ட காயம், விட்டா ஆளையே கொன்னுரும்."

மேலே, ஆளில்லாத அழகுமுத்துவின் நிரையில் அவனுடைய பக்கத்து வீட்டு வீரய்யா மெல்ல நுழைந்து இரண்டு செடியை வெட்டினார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா குடையைத் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"யோவ் வீரய்யா! யாரு நெர அது? எறங்கு!"

"புள்ள கட்டுப் போடுதுங்கய்யா. நாலு செடிய நான் தள்ளிவிட்டுர்றேன்."

"அவன் நெரையில நீ கத்தி வெச்சு செடி பட்டுப்போச்சுன்னா, தொரைக்கு யாரக் காட்டுவேன்? ஒன் நெரைக்குப் போ!"

அந்தி பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் பதியும்போது, அழகுமுத்துவின் செடிக் கணக்குக் குறைந்தது. குறைந்தால் அரைப் பேர்தான், அரைநாள் சம்பளம்.

"ஐயா, கட்டுப் போட்ட நேரத்தையும் வேலையாப் பாத்துப் போடணும்ங்க."

"அதுக்குத்தானேடா தனியாக் காசு வாங்குற? ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளமா?"

அழகுமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தான். இரண்டு பேருக்குக் காயம்பட்டால் மருந்துக் காசு முழுக்கப் போய்விடும். மூன்றாவது ஆளுக்குக் கட்டினால் அவனுடைய சொந்தக் கூலியிலேயே கைவைக்கும்.

பிரசவக் காய்ச்சலுக்குப் பிறகு அவன் மனைவி காளியாயிக்குப் பால் வற்றிப்போயிருந்தது. மருந்துக் காசு வருகிறதே என்ற நம்பிக்கையில்தான் மர்சூக் நானா கடையில் குழந்தைக்குப் பால்மா டின் கடனாக வாங்கி வந்தார்கள்.

"பெட்டியத் திருப்பிக் குடுத்துறவா, புள்ள?" என்று கேட்டான்.

"குடுத்துட்டு? வெறும் தேயிலச் சாயத்தண்ணியவா இது வாயில ஊத்துறது?"

"கூப்புட்டா போகாம இருக்க முடியுமா?"

காளியாயி அழத் தொடங்கினாள். லயத்து அறைகளான காம்பராக்களின் நடுச்சுவர் கூரைவரை எழவில்லை; ஒன்றில் பேசினால் வரிசை முழுக்கக் கேட்கும். அந்தப் பக்கம் வீரய்யா இருமிக்கொண்டிருந்தார். இருமல் சட்டென்று நின்றது.

அதற்குப் பிறகு மலையில் யாரும் பெட்டியைக் கேட்கவில்லை. மழை பெய்தது, கத்திகள் வழுக்கின, ஆனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அழகுமுத்துவுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா மாமா. எல்லாரையும் அவ காப்பாத்துறா."

"ஆமாடா," என்றார் வீரய்யா. "அவ பாத்துக்குவா. புள்ளைக்கு ஒடம்பு தேறிருச்சில்ல?"

"கன்னம் வெச்சிருச்சு. சிரிக்குது மாமா."

"அது போதும்."

ஒருநாள் காலைப் பெரட்டில் வீரய்யாவுக்குத் தேத்தண்ணீர் குடிக்க வாய் திறக்கவில்லை. குளிருக்குத் தாடை பிடித்துக்கொண்டது என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டு மலையேறினார். மத்தியானம் நிரையிலேயே விழுந்தார். முதுகு வில்லாக வளைந்தது, பல் நறநறத்தது. கொழுந்து லொறியில் சாக்கை விரித்துப் படுக்க வைத்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் கால்சட்டையைக் கிழித்தபோது, கெண்டைக்காலில் சேலைக் கிழிசல் ஒன்று சுற்றியிருந்தது. அடியில் புகையிலை வைத்துக் கட்டிய வெட்டுக்காயம் கறுத்திருந்தது.

அவர் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அழகுமுத்து பக்கத்துக் காம்பராவின் வாசலில் போய் உட்கார்ந்தான். வீரய்யாவின் மனைவி லெட்சுமி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊசிக்கு அனுப்பியிருப்பேனே அத்த."

"ஊசிக்கு எங்க போறது மாப்புள? டிஸ்பென்சரிக்குப் போனா கட்டுன ஆளு யாருன்னு கேப்பாங்க, ஒனக்குத் தெரிஞ்சிரும்." அவள் ஒரு விறகைத் தள்ளினாள். "நாந்தான் சேலையக் கிழிச்சுக் கட்டிவிட்டேன். 'அவனக் கூப்புட்டா புள்ள டின்னு போயிரும்டி, சின்ன வெட்டுதான்'னாரு. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

அழகுமுத்து எழுந்து போகப் பார்த்தான்.

"ஒம்மேல எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் லெட்சுமி. உள்ளே போய் ஒரு கோப்பை சாயத்தண்ணீரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "குடி. நீயும் நேத்திலருந்து ஒண்ணும் திங்கலன்னு காளியாயி சொன்னா."

மறுநாள் விடியல். பெரட்டுக் களத்தில் ஆண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அழகுமுத்து அவர்களுக்கு முன்னால் போனான்.

"எல்லாரும் கைய நீட்டுங்க."

ஒருவரும் அசையவில்லை. சின்னத்தம்பி சிரிக்கப் பார்த்தான்.

"என்ன மாப்புள, ரேக பாக்கப் போறியா?"

அழகுமுத்து அவனுடைய கம்பளியை இழுத்தான். பெருவிரலில் பழைய தழும்பு. அதற்குக் கீழே மணிக்கட்டில், குழந்தைச் சட்டையிலிருந்து கிழித்த பூப்போட்ட துணி, சீழில் ஊறிக் காய்ந்திருந்தது. அடுத்தவனுடைய கம்பளியை விலக்கினான். உள்ளங்கையில் அரிசிச் சாக்கின் கிழிசல். அதற்கடுத்தவன் தானாகவே காலை முன்னால் வைத்தான். முழங்காலில் நீலச் சேலைக் கரை.

இந்த விஷயத்தை அவர்கள் கூடிப் பேசியிருக்கவில்லை. தான் மட்டுந்தான் மறைக்கிறோம் என்று ஒவ்வொருவனும் நினைத்திருந்தான். இப்போது ஒருவர் கட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கத்தியத் தூக்குங்கடா! மழைக்கு முந்தி ஏறணும்!" கண்டாக்கையாவின் குரல் வந்தது.

அழகுமுத்து ஈரத் தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தான். சின்னத்தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, ஒட்டிக்கொண்ட துணியைத் தண்ணீர் விட்டு நனைத்தான்.

"வேணாம் மாப்புள. எனக்கு ஒண்ணுமில்ல. நீ போயி நெரயப் புடி."

"சும்மா இரு. நீங்க எல்லாரும் ஊசி போட்டுட்டுத்தான் மலைக்கு."

"அழகுமுத்து! ஒனக்கு இன்னிக்குப் பேரு வேணுமா, வேணாமா?"

சின்னத்தம்பி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அழகுமுத்து விடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கட்டின் கடைசிச் சுற்று சதையோடு பிரிந்து வந்தது. பின்னால், கண்டாக்கையா பேர்ப் புத்தகத்தைத் திறந்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டார்.