பத்து மணிக்கு ஒரு நொடிகூட முந்தாமல்

எங்கள் மோட்டார் கிளப்பின் மலையேற்றப் பந்தயம் பதினோரு வருடமாக மழையில்தான் நடந்தது. மேலே ஏறிய கார்களைவிடக் கீழே மிதந்து வந்தவையே அதிகம். கண்டத்தின் நாற்பது நாட்டுக் கிளப்புகளும் கூடித் தேதி பிரிக்கும்போது எங்களுக்கு மிஞ்சுவது அடைமழை மாதம். இந்த வருடமும் அதுதான் என்றால் பந்தயத்தையே மூடிவிடுவதென்று முடிவாகியிருந்தது.

இந்தமுறை அந்தக் கிளப்புகளின் கூட்டமைப்பு புது விதி போட்டது: பத்து மணிக்குக் கூட்டம், வந்து உட்காரும் வரிசையில் தேதி.

ஒன்பதே முக்காலுக்கே மண்டபத் தெருமுனைக்கு வந்துவிட்டோம். காரை ஓட்டியவன் கிளப் தலைவரான என் மச்சான். பக்கத்தில் கடிகாரமும் கையுமாக, ஓய்வுபெற்ற பந்தய நேரக்காப்பாளனான நான். பின்னால் செயலாளரான என் மனைவி. முப்பது வருடம் கிளப்பை நடத்தியும் ஸ்டியரிங்கைத் தொடாதவள்.

"ஏன்டா நிறுத்திட்டே?"

"சீக்கிரம் போகக் கூடாதுக்கா. ராலியில நேரத்துக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தா தண்டப் புள்ளி."

"இது ராலி இல்லடா, மீட்டிங்."

"பழக்கத்த விடக் கூடாது," என்றேன். "இன்னும் பதினாலு நிமிஷம் முப்பது செகண்ட் இருக்கு."

"உங்க ரெண்டு பேரையும் கட்டி மேய்க்கிறதுக்கு நான் நடந்தே போயிடலாம்."

ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். முன்னால் நின்ற காரில் டை கட்டிய ஒருவர் தன் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். பின்னால் இன்னொருவர். எதிர்ச்சாரியில், சந்துகளில், மரத்தடியில் என்று கண்டமே வந்து ஒளிந்திருந்தது.

"மூணு, ரெண்டு, ஒண்ணு," என்று நான் எண்ணி முடித்ததும் நாற்பது கார்களும் ஒரே மூச்சில் பாய்ந்தன. தெரு அடைத்துக்கொண்டது. நாடு நாடாகச் சாலை விதி போதிக்கும் பெரிய மனிதர்கள் கதவைத் திறக்க இடமில்லாமல் ஹார்ன் அடித்தார்கள். நாங்கள் மீண்டு வர மூன்று நாள் ஆயிற்று. மச்சான் நாற்பது நிமிடம் என்பான். அவனுக்கு எப்போதுமே கணக்கு வராது.

மண்டபத்தில் இரண்டே பேர். என் மனைவியும் கூட்டமைப்பின் பதிவாளரம்மாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா பஸ்ஸில் வந்தவராம்.

"தேதி என்னக்கா ஆச்சு?"

"வெயில் மாசம் மொத்தமும் காலியா கெடந்துச்சு. நடு வாரத்த எடுத்துக்கிட்டேன்."

மச்சானுக்கு வாயெல்லாம் பல். தானும் ஒரு டீயை எடுத்துக்கொண்டான். "எத்தன மணிக்கு உள்ள வந்தே?"

"ஒம்போது அம்பதுக்கு."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அப்போ பத்து நிமிஷத்துக்குத் தண்டப் புள்ளி..." என்று ஆரம்பித்தவன், அக்கா பார்த்த பார்வையில் மிச்சத்தை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.